படிவம் எண் நாற்பத்தொன்று

செமஸ்டர் லீவில் வந்திறங்கினோம்
வெள்ளகோவிலுக்குத் தெற்கே கருக்கம்பாளையத்தில்,
ஐம்பது பேர், ஒரு பேனர், இருபது மண்வெட்டி.
வெட்டுகிறவனைவிட
வெட்டுகிறவனைப் படம் எடுப்பவர்கள் அதிகம்.

நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் படுக்கை.
தலைமாட்டுக் கரும்பலகையில்
யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
மார்கழிக் குளிர் ஓட்டுச் சந்தில் இறங்கி
ஒவ்வொருவராய் எழுப்பிப் பார்த்தது.
இரண்டு வேளை அரிசிம்பருப்பு.
ஏழு நாளும் அதுதான் என்று தெரிந்தபின்
நெய் ஓர் அரசியல் பிரச்சினையானது.

ஓடையில் சீமைக் கருவேலம் வெட்டினோம்.
ஆடு ஓட்டி வந்தவர் நின்று பார்த்துவிட்டு,
"வேரோட எடுக்கலீன்னா
அடுத்த மழைக்கு மறுக்கா வந்துருமுங்க" என்றார்.
வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும்.
ஜேசிபிக்கு முகாம் நிதியில் தலைப்பு இல்லை.

இரண்டாம் நாள் பெரிய வீட்டு வாசலில்
எல்லோருக்கும் மோர், எவர்சில்வர் டம்ளரில்.
பூபதி மட்டும் குடித்து முடித்த டம்ளரைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அடியில் பெயர் பொறித்திருந்தது, அதனால் என்று நினைத்தேன்.

அவன் எனக்கு இரண்டு வருடமாய்ப் பக்கத்து பெஞ்ச்.
ஆறாவதிலிருந்தே ஹாஸ்டல் என்று ஒருமுறை சொன்னதுண்டு.
எந்த ஊர் என்றால் "ஈரோடு பக்கம்" என்பான்.
ஈரோட்டுக்குப் பக்கம் எத்தனையோ இருக்கிறது.

நாலாம் நாள் கணக்கெடுப்பு. இருவர் இருவராய்.
எங்களுக்கு விழுந்தது தோட்டத்துச் சாளைகள்,
கிளுவை வேலி, நிழல், இளநீர்.
பூபதி அந்தப் பட்டியலை கந்தவேலிடம் கொடுத்துவிட்டுக்
காலனிப் பட்டியலை வாங்கிக்கொண்டான்.
தண்ணீர்த் தொட்டி தாண்டித் தார் முடிகிறது.
வழி கேட்காமல் நடந்தான்.
குழந்தைகள் எங்களைப் பார்த்து வாய் பொத்திச் சிரித்தன.
ஒன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நாற்பத்தொன்றாவது வீடு.
அவன் குனிந்து நுழைந்தான்.
எனக்கு நெற்றி இடித்தபின்தான்
நிலைவாசல் தாழ்வென்று தெரிந்தது.

"குடும்பத் தலைவர் பேருங்க?"
"துளசிமணிங்க."
"வேலைங்க?"
"மில்லுல கழிவுப் பஞ்சு பொறுக்கறனுங்க."
பதிலுக்கு ஒரு சொல் முன்னால் ஓடியது அவன் பேனா.
ரேஷன் அட்டை உண்டு.
கேஸ் உண்டு, சிலிண்டர் காலி.
கழிப்பறைக் கட்டத்துக்கு வந்ததும்
கேட்கவே இல்லை. "இல்லை"மீது டிக் விழுந்தது.
நான் அந்த டிக்கைப் பார்த்தேன்.
அப்புறம் அந்த அம்மாவின் மூக்கைப் பார்த்தேன்.
அதே மூக்கு.

"வீட்டுல எத்தனை பேருங்க?"
பேனா நின்றது.
"மூணுங்க. நானு, பொண்ணு.
பையன் காலேஜுங்க. லீவுக்கு வல்லீங்க.
ஏதோ கேம்ப்புன்னு போன் பண்ணுனானுங்க."
என்னைப் பார்த்தே சொன்னார்.
ஊரில் எல்லோருக்கும் போடுகிற அந்த "ங்க"வைப்
பெற்றவனுக்கும் போட்டார்,
ஒன்றுகூடக் குறையாமல்.

கடைசி வரி: கோரிக்கை ஏதேனும்?
அவர் சேலை நுனியைச் சுருட்டினார். விரித்தார்.
"தம்பிங்க சாப்பிட்டீங்களா?"
மணி இரண்டு. இன்னும் இல்லை.
"ஆச்சுங்க" என்றான் பூபதி.
சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல்,
கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தான்.

திரும்பும்போது கந்தவேலுக்கு இளநீர் கிடைத்ததா
என்று மட்டும் கேட்டான்.

ஏழாம் நாள் துண்டு, சான்றிதழ், குழுப்படம்.
படத்தில் பூபதி இல்லை;
அண்டா கழுவிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை என்னுடையது.
நாற்பத்தொன்றில் கோரிக்கைக் கட்டம் காலி.
காலியாக விட்டால் சிவப்புக் கோடு காட்டுகிறது.
"இல்லை" என்று அடித்தேன். அழித்தேன்.
வெகுநேரம் கழித்து
அந்தக் கேள்விக்கான சரியான பதிலை அடித்தேன்:
"சாப்பிடவில்லை."
ஏற்றுக்கொண்டது.
நாற்பத்திரண்டைக் கேட்டது.