ஏழாம் கேள்வி

வேன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
அதற்கு மேல் ரோடு என்பது வெறும் கல்.
சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு
"ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க மிஸ்" என்றார் டிரைவர் ஆசீர்வாதம்.
ஆளுகள் மேலே, எட்டாம் நம்பர் மலையில்,
படங்கு கட்டி, பனிக்குள்.

நெஞ்சைப் படம் பிடிக்க ஏழு நிமிஷம்.
இறங்கி ஏற ரெண்டு மணி நேரம்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
இதையெல்லாம் படிவம் கேட்கவில்லை.

படிவம் கேட்டது:
பெயர். வயது. லயத்து இலக்கம்.
குடும்பத்தில் யாருக்காவது.
இருமல் எத்தனை கிழமை.
ஏழாவதாக, புகைப்பவரா?
ஆமெனில் நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை வருடம்.
இல்லையெனில் நன்றி, இத்துடன் முடிகிறது.

பவளக்கொடிக்கு ஐம்பத்தாறு.
இஸ்தோப்பில் கூடையை இறக்காமலே நின்று பதில் சொன்னாள்.
"பீடியா? சீ."
முடிந்தது. நன்றி.

காம்பராவுக்குள் மிலாறு எரிந்துகொண்டிருந்தது.
கவ்வாத்து மலையிலிருந்து அவளே சுமந்து வந்தது.
இன்னும் ஈரம், ஊதினால்தான் பிடிக்கும்.
ஊதினாள். இருமினாள். ஊதினாள்.
கூரைத் தகரத்தின் உள்பக்கம் தார் பூசினது மாதிரி மின்னியது.
சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தில்
மாப்பிள்ளை நின்ற இடம் தெரிந்தது,
மாப்பிள்ளை தெரியவில்லை.

"எத்தனை வயசுல அடுப்புக்கு வந்தீங்க?"
"அம்மா கொழுந்துக்குப் போனா நாந்தானே. ஒம்பது."
"ஒரு நாளைக்கு?"
"தேத்தண்ணி, ரொட்டி, ராச்சோறு.
குளிரடிச்சா வெந்நி."

பேனா ஏழாம் கேள்வியில் நின்றது.
ஆம் என்று எழுதினேன்.
நாளொன்றுக்கு நான்கு. வருடம் நாற்பத்தேழு.
அப்போது கை நடுங்கவில்லை.

வேனடியில் நர்ஸ் அதைச் சத்தமாக வாசித்தாள்.
வரிசையே திரும்பியது.
"என்னயச் சுருட்டுக்காரின்னு எவ எழுதினது?"
"நாந்தாங்க."
"நீ நல்லா இருப்பியா?"
திட்டிக்கொண்டே படங்கை அவிழ்த்து மடித்து
என் கையில் திணித்துவிட்டு ஏறினாள்.
மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தாள்.
எண்ணி எட்டு வரைக்கும்.
அதற்குமேல் அவளிடம் இல்லை.

கடிதம் சிங்களத்தில் வந்தது.
தபால்காரர் கடையில் கொடுக்க,
கடைக்காரர் மாவுக்கடன் கொப்பியில் செருகி வைக்க,
ஒன்பது நாள் கழித்து என்னிடம்.
வலது நுரையீரல், மேல் பகுதி, எட்டு மில்லிமீட்டர்.
கண்டிக்கு வரவும்.

"எம்புட்டு இருக்கும்?"
"ஒரு கடலைப்பருப்பு."
"இத்தனூண்டுக்கா கண்டி?"
"இத்தனூண்டா இருக்கிறதாலதான்."
"பெருசாயிட்டா?"
"பெருசாயிட்டா எதுக்குப் போறது?"
அவள் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்,
அதில் பருப்பு இருப்பதுபோல.
பிறகு பஸ் காசு யார் தருவார் என்று கேட்டாள்.
அதற்கும் படிவத்தில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து போன்.
இளம் டொக்டர், தடுக்கித் தடுக்கித் தமிழ்.
"மிஸ், உங்கள் மேற்கணக்கில் நாற்பத்தொரு பெண்கள்.
நாற்பத்தொரு பேரும் புகைக்கிறார்களா?"

சிக்னலுக்காகக் கோயில் பாறைமேல் ஏறி நின்றிருந்தேன்.
கீழே லயங்கள், வரிசை வரிசையாக.
தகர இடுக்குகளிலிருந்து கசிந்து
ஒரே நீலமாகக் கிடந்தது பள்ளத்தாக்கு.
இப்போதுதான் கை நடுங்கியது.

"ஆமா டொக்டர்" என்றேன்.
"விடியக்காலம் நாலரைக்கே பத்த வைப்பாங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு விசைப்பலகை தட்டும் ஒலி.
எழுதுகிறாரா, அழிக்கிறாரா,
தெரியவில்லை.