செயப்படுபொருள் குன்றிய வினை

டண்டீ நகரில், அடுமனைக்கு மேல்மாடியில்,
ரொட்டி வேகும் வாசனை ஏறிவரும் அறையில்
அகராதிக்குச் சொல் திருத்துகிறாள் ஊனா பெட்ரி.
இன்று அவள் மேசையில் ‘இன்டர்வீன்’.

லத்தீன்காரன் அதை
இரண்டு துண்டாகத் தந்துவிட்டுப் போனான்:
இடையில். வருதல்.
யாருக்கும் யாருக்கும் இடையில், வந்து என்ன செய்ய,
ஒன்றும் சொல்லவில்லை.

நம் மொழியில் என்றால் தலையை இடவேண்டும்.
அவர்களுக்குக் கால் போதும்.
கழுத்தைப் பற்றிய கவலை
அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

அட்டைகளைப் புரட்டுகிறாள்.
விலையேற்றத்தில் வங்கி தலையிட்டது.
மழை குறுக்கிட்டதால் ஆட்டம் நின்றது.
இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.
வங்கி, மழை, ஆண்டுகள்.
“ஆளே இல்லையே” என்றாள் வாய்விட்டு.
எதிர்மேசை கில்மூர்
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி,
“ஆள் வந்தால் சண்டை வரும்” என்றார்.

இலக்கணக் குறிப்பு: செயப்படுபொருள் ஏற்காது.
ஒருவரை அடிக்கலாம், அணைக்கலாம்,
காக்கலாம், கைவிடலாம்.
ஒருவரை இன்டர்வீன் செய்ய முடியாது.
வெறுங்கையோடு போய் நிற்கிற வினை.
‘இன்’ என்ற சின்னச் சொல்லின் விரலைப் பிடித்தால்தான்
விவகாரத்துக்குள் நுழையவே முடியும்.

ஐந்தே முக்கால் பேருந்து.
பனியும் மழையும் கலந்து ஜன்னலில் வழிகிறது.
பின்னிருக்கையில் ஒருவன்
குரலை உயர்த்தாமல்தான் பேசுகிறான்,
அதனாலேயே எல்லோருக்கும் கேட்கிறது.
போனைக் கொடு. யார் அது. கொடு என்றேன்.
எதிர்வரிசைப் பெண்
பச்சைக் கம்பளிக் கையுறைக்குள் போனை மூடிக்கொள்கிறாள்.
காது மருந்து விளம்பரத்தை ஒருவர்
இரண்டாம் முறை படிக்கிறார்.
ஏழு பேர்
எதுவும் தெரியாத கண்ணாடியில் எதையோ பார்க்கிறார்கள்.

ஊனாவும் பார்த்தாள், தன் பழைய தெருமுனை வரை.
அங்கே ஓர் இரவு, சுவருக்கு அந்தப் பக்கம்
ஏதோ உடைந்தபோது
தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள்.
நான்கு கோடு.
எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது.
அதற்கு அட்டை யாரும் எழுதவில்லை.

எழுந்தாள். பேருந்து வளைந்தது.
கம்பி கைக்கு எட்டாமல் தடுமாறி
இருவருக்கும் நடுவில் போய்
ஏறக்குறைய விழுந்தாள் என்றே சொல்லவேண்டும்.
“இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா?”
தினமும் வரும் பஸ்ஸில், அந்தப் பெண்ணிடம்.
“உனக்கென்ன?” என்றான் அவன்.
“எனக்கு வழிதான் தெரியல.”
“போகாது” என்றாள் பெண்.
“எங்கே மாறணும்?”

சொன்னாள். நீளமாகச் சொன்னாள்.
மணிக்கூண்டு, ரவுண்டானா, மூடிக்கிடக்கும் சலவைக்கடை,
சிவப்புக் கதவு வீடு,
தேவைக்கு மேல் எத்தனையோ அடையாளம்.
ஊனா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டாள்.
மணிக்கூண்டுக்கு இடப்பக்கமா?
இல்லை, வலப்பக்கம்.
வலப்பக்கமா?
மூன்று நிறுத்தங்கள் கடந்தன.

பிறகு இறங்கினார்கள், சேர்ந்தேதான்.
பெண் முன்னால், அவன் பின்னால்.
கையுறை மூடியபடியே இருந்தது.
அவன் மறந்தானா, ஒத்திவைத்தானா,
கதவு மூடிக்கொண்டது.
தன் நிறுத்தத்தை எப்போதோ தவறவிட்டிருந்தாள்.
சேற்றுப்பனியில் திரும்பி நடக்கையில்
முழங்கால் நடுங்கியது, வெகு நேரம்.

மறுநாள் மேசையில் அதே வரைவு:
‘போக்கை மாற்றும்பொருட்டு இடையில் வருதல்.’
‘மாற்றும்பொருட்டு’ மேல் பென்சில் நின்றது.
அடிக்க மனமில்லை.
‘மாற்றி’ என்று எழுதத் துணிவில்லை.
புதிதாக ஓர் அட்டை எடுத்தாள்:
மணிக்கூண்டுக்கு வலப்பக்கமா என்று மறுபடி கேட்டாள்.

கில்மூர் வாங்கிப் படித்தார், பின்புறமும் திருப்பிப் பார்த்தார்.
“இதில் அந்த வினையே இல்லையே.”
“இல்லைதான்” என்று
பெட்டியில் அதன் இடத்தில் செருகினாள்,
வங்கிக்கும் மழைக்கும் நடுவில்.