கடைசிப் பதினொரு நிமிடங்கள்

பார்மென்னில், தொங்கும் ரயில் கூரைக்கு மேலால் உரசிப்போகும்
அந்தச் சின்னத் தியேட்டரில்
எண்பதுகளின் ரோபோ படத்தை
ஓரிரவு மட்டும் மறுபடி ஓட்டினார்கள்.
எட்டு யூரோ. பழைய பொம்மையோடு வந்தால் ஐந்து.

நான் எட்டுக் கொடுத்தேன்.

முன்வரிசையில் முடி கொட்டிய ஆண்கள்
மடியில் கிரான்வோல்ட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள்,
திரை மறைக்காமல் அதற்கும் தெரியவேண்டும் என்று.
எல்லாவற்றுக்கும் இரண்டு கை இருந்தது.

எங்களுடையதற்கு ஒன்றுதான்.
பழஞ்சாமான் சந்தையில் இரண்டு மார்க்.
பிரணவன் இடது தோளில் உடுப்புக் கிளிப் ஒன்றைச் செருகி
"இது புது மாடல்" என்றான்.
ஆறு குடும்பத்துக்கு ஒரு குசினி இருந்த விடுதியில்
யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஜெர்மன் எனக்கு கிரான்வோல்ட்டின் வாயால் வந்தது.
பள்ளிக்கூடத்தின் முதல் நாள் பெயர் கேட்ட டீச்சரிடம்
"கோட்டை வீழ்ந்தாலும் நான் வீழேன்" என்றேன்,
சுத்தமான உச்சரிப்பில்.
அவ எழுதிக்கொண்டா. என்னத்தை எழுதினாவோ.

படம் இப்போது மலிவாகத் தெரிகிறது.
ஒரே வெடிப்பை மூன்று தரம் காட்டுகிறார்கள்.
கிரான்வோல்ட்டுக்குச் சில காட்சிகளில் நாலு விரல், சிலதில் ஐந்து.
நடுவில் வரும் சோப்புத்தூள் விளம்பரம் இல்லை;
அந்த இடத்தில் என் வாய் தானாக அசைந்தது.

பிறகு அவன் நெஞ்சைத் திறந்து
உள்ளே எரியும் நீல விளக்கைக் கழற்றி
பற்றியெரியும் நகரத்தை நோக்கி நீட்டுகிறான்.

எங்கள் கசெட்டில் இங்கேதான் கோடு விழும்.
வெள்ளைப் பூச்சிகளின் இரைச்சல்.
பிறகு டை கட்டிய ஒரு மனிதர்
மேசையில் தாள்களைத் தட்டி அடுக்குவார்.
பிறகு எங்கள் தெரு.

நாற்பது செக்கன்.
வேறு கசெட் தேட அப்பாவுக்கு நேரம் இருந்திராது.
அகப்பட்டதைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமத்தியிருக்கிறார்.

கூரை இல்லாத புத்தகக்கடை.
இடது பக்கத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் ஒருவர்,
முகம் திருப்பாமலே போய்விடுவார்.
எனக்கு ஆறு வயது, பிரணவனுக்கு நாலு.
படத்தின் முடிவே அதுதான் என்று நினைத்திருந்தோம்:
சண்டை பிடித்துப் பிடித்து
ரோபோக்கள் கடைசியில் எங்கட ஊருக்கு வந்துவிட்டன.
சைக்கிள்காரர் தப்பினாரா என்று அவன் கேட்பான்.
ரெண்டாம் பாகத்தில் வருவார் என்பேன்.

இரவில், சத்தத்தைக் குறைத்து, அப்பா அதைப் போடுவார்.
நிறுத்துவார். பின்னால் ஓட்டுவார்.
சைக்கிள் பின்பக்கமாய் உருண்டு மறையும், திரும்ப வரும்.
நாடா தேய்ந்து தேய்ந்து
நீல விளக்கும் நடுங்கத் தொடங்கியது.
யாரைத் தேடினார் என்று கேட்கும் வயது வந்தபோது
கசெட் எந்த வீடு மாறலிலோ தொலைந்திருந்தது.
அப்பா இருந்தார். பேச்சு வேறெங்கோ போயிருந்தது:
வரி, மூட்டுவலி, என் கல்யாணம்.

இன்றைக்குக் கோடு விழவில்லை.

விளக்கு நகரத்தின் மேல் உருண்டது.
ஆணி ஆணியாய்க் கட்டிடங்கள் எழும்பின,
பாலம் தன் முதுகைத் தானே நிமிர்த்தியது,
கண்ணாடித் துண்டுகள் சன்னல்களுக்குத் திரும்பிப் பறந்தன.
எல்லாம் ஒன்றரை நிமிடத்தில்.
கிரான்வோல்ட் சாகவும் இல்லை.
தங்க நிறத்தில், புதுச் சக்கரங்களோடு எழும்பி நின்றான்.
அந்த வருட நத்தாருக்குக் கடைக்கு வந்த மாடல்;
பெட்டியோடு பார்த்திருக்கிறேன், நாற்பத்தொன்பது மார்க்.

முன்வரிசை கைதட்டியது. ஒருவர் மூக்கைச் சிந்தினார்.
நான் திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெயர்கள் ஓடி முடிந்து, லைட் போட்டு,
தும்புத்தடியோடு வந்த பெடியன்
"முடிந்துவிட்டது" என்றான், மரியாதையாய்.

வெளியே வூப்பர் ஆறு கறுப்பாய் ஓடியது.
போனில் பிரணவன், பொட்ரொப்பிலிருந்து.
நாற்பத்தொரு வயது, குளியலறை ஓடு விற்கிறான்.
"எப்பிடி முடியுது?"
தலைக்கு மேல் ரயில் போகும்வரை நின்றேன்.
"ஊரைத் திருப்பிக் கட்டுறாங்களடா."
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"அப்ப அந்தச் சைக்கிள்?" என்றான்.