நான்கு

செவ்வாய்ப்பேட்டை, ஜவ்வரிசி மண்டி, முதல் மாடி.
ஏசி வடிக்கிற தண்ணீருக்கு ஒரு பெயின்ட் டப்பா.
பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போன மாதமே
எஸ்எஸ்டி மாட்டியாயிற்று.
முதலாளி சென்னகேசவன் பில்லைப் பார்த்துவிட்டு
"இனிமே பறக்குமா?" என்றார்.
பறக்கவில்லை.

பில் போடும் மாதேஸ்வரி
ஒரே ஒரு மூட்டையின் லாட் நம்பரைத் தட்டிவிட்டு
டீ குடித்துத் திரும்பி வந்தாலும்
திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.
"இதுல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னீங்களே மேடம்?"

இரவு பத்தேகால். எல்லாரும் போன பிறகு
டேட்டாபேஸிடம் கேட்டேன்: விளக்கு.
ஏற்றுகிற விளக்கு இல்லை.
என்ன செய்யப்போகிறாய், சொல்.
சொன்னது:
நாற்பத்தெட்டு லட்சம் வரிகளையும்
முதலிலிருந்து படிப்பேன்.
ஒரு மூட்டைக்கு,
கிடங்கையே தெருவில் கொட்டி.
இன்டெக்ஸ் இருக்கிறதே, நேரே கூட்டிப்போகுமே?
இருக்கிறது. செலவு அதிகம்.

அந்தச் செலவைத் தேடிப்போனேன்.
செட்டிங் ஃபைலில், யாரும் தொடாத வரியில், நான்கு.
வரிசையாய்ப் படித்தால் பக்கத்துக்கு ஒன்று,
தாவிப் படித்தால் நான்கு.
தட்டு சுழன்று முள் வந்து சேரும்வரை
காத்திருந்த காலத்தில்
யாரோ எழுதிய விலை.
தட்டு போய்விட்டது, முள் போய்விட்டது,
காயலான் கடையில் எடைக்குப் போட்டு
நூற்றெண்பது ரூபாய் வாங்கியதும் நான்தான்.

செலவு என்றால் பழந்தமிழில் பயணம்.
புறப்பட்டவன் தயங்கி நின்றுவிட்டால்
செலவழுங்கல் என்று அதற்கொரு துறை.
அவனை நிறுத்த
வாசலில் கலங்கிய இரண்டு கண்களாவது இருந்தன.
இதற்கு ஓர் எண்.

இரண்டாக்கிப் பார்த்தேன். அசையவில்லை.
ஒன்றரை. ம்ஹூம்.
ஒன்று புள்ளி ஒன்று.
விளக்கு என்றேன்.
இன்டெக்ஸ் வழியே போகிறேன் என்றது,
என்றைக்கும் அப்படியே போய்க்கொண்டிருந்ததுபோல.
முப்பத்தொன்பது நொடி எடுத்தது
மூன்று மில்லி நொடி.
கைதட்ட ஆளில்லை. டப்பாவில் ஒரு சொட்டு.

பிறகு ஆண்டுக் கணக்கை ஓட்டினேன்.
ஆறு நிமிடத்தில் முடிவது பதினொன்றில் முடிந்தது.
பாதிக் கிடங்கை அள்ளவேண்டிய வேலைக்கும்
மூட்டை மூட்டையாய் ஓடிக்கொண்டிருந்தது,
புதிதாய்ச் சைக்கிள் பழகியவன்
எதிர்க்கடைக்கும் மிதிப்பதுபோல.
அந்த ஒரு கேள்விக்கு மட்டும்
பழைய நான்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

பூட்டும் முன் மொட்டைமாடி.
வடக்கே ஏற்காட்டுப் பாதையில் ஒற்றை வெளிச்சம்.
வளைவில் காணாமல் போய்,
நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வராமல்
சற்று மேலே வந்தது.
இருபது கொண்டை ஊசி. இந்த நேரத்தில்.
எவ்வளவு என்று போட்டுக் கிளம்பினார்களோ.
ஏழுவரை எண்ணிவிட்டு இறங்கினேன்.

நாளை முதல் மாதேஸ்வரிக்கு
டீ குடிக்க எழுந்துபோகக் காரணம் இருக்காது.
அதை அவளிடம்
எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.