நொசோத்ராஸ்

பெங்களூரா சீசன் முடிய இன்னும் பதினெட்டு நாள்.
சந்தூர் லோடு இறங்குவதற்குள்
பிரிக்ஸ் மீட்டரைத் துடைத்துவைத்து
ஆய்வக மேசையில் நோட்டை விரிக்கிறேன்.
யோ, நான். தூ, நீ. உஸ்தெத், நீங்கள்.
இதில் சிக்கல் இல்லை:
இந்தக் கூழ் ஆலையில் யாருக்கு யார் 'நீ' என்று
மூன்று வருஷமாகத் தெரியும்.

ஆப்லோ, பேசுகிறேன்.
'யோ'வை விட்டாலும் வால் காட்டிக்கொடுத்துவிடும்,
நம் 'வந்தேன்' போலவே.
அது பிடிபட்ட இரவு
வலென்சியா போகும் பீப்பாய்கள் நடுவே
தனியாகச் சிரித்தேன்.

ஆனால் நாம் வேறு நாங்கள் வேறு என்று பிரிக்க
அவர்களிடம் சொல் இல்லை.
எங்கள் வீட்டுத் தெலுங்கில்கூட
மனமு தனி, மேமு தனி.
எப்படித்தான் சண்டை போட்டு
வெளியேறுகிறார்களோ.

பெண்கள் மட்டும் என்றால் நொசோத்ராஸ்.
தோல் சீவும் வரிசையில் அறுபத்திரண்டு பேர்,
மஞ்சள் ஏறிய நகங்கள்.
சூப்பர்வைசர் குண்டப்பா கதவைத் தள்ளியதும்
அத்தனை பேரும் நொசோத்ரோஸ்.
ஓர் எழுத்து.
அவர் கத்தியைத் தொடக்கூட இல்லை.

முனிரத்தினாவிடம் சொன்னேன்.
கையிலிருந்த கொட்டையைக் கூடைக்குள் எறிந்தாள்:
"அந்த ஊர்லயுமா?"

ஆறு மணிச் சங்கு.
பர்கூர் பஸ் கேட்டருகே உறுமிக்கொண்டிருந்தது.
போலாம் என்றாள்.
வாமோஸ் என்றேன்.
அதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை;
விளக்க நேரமில்லை,
ஓடினோம்.