ஒரு தட்டு, இரண்டு தட்டு

சத்தம் நின்றதை நான் கேட்பதில்லை, பார்க்கிறேன்.
டியூப்லைட் அணைந்தால் கரண்ட் போயிருக்கிறது,
கரண்ட் போனால் தறி நின்றிருக்கிறது,
தறி நின்றால் கூலி.
பதினாறு தறிக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம்;
காதுக்குள் இப்போதும் ஒரு நாடா
போய்ப் போய் வருகிறது,
துணி மட்டும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி
கருமத்தம்பட்டிக் கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்ததும்
என் கை தானாகப் போய்
ஸ்டார்ட்டரைத் தேடியது.
பக்கத்தில் நின்ற இஞ்ஞாசி
அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டான்.
அவன்தான் எனக்கு ஞானத் தகப்பன்.
பாவு ஓட்டுகிறவன், மூன்று மாசம் மூப்பு,
என்னைவிடக் கொஞ்சம் கேட்கும்.

செசிலியைக் கட்டி வந்த புதிதில்
அவள் மணி உருட்டுவதைப் பார்த்து
பீஸ் எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.
கடன்கூட இருக்கலாம் என்று.
காது நன்றாக இருந்த காலம்;
அந்த முணுமுணுப்பு எரிச்சல்.
சொன்னதையே எதுக்குச் சொல்ற?
உங்க தறியும் சொன்னதையேதானுங்க சொல்லுது,
அதனாலதானே துணி, என்றாள்.

ஓர் ஐப்பசியில் மாலை அறுந்தது.
சிமெண்டுத் தரையில் மணிகள் ஓடிய சத்தம் தெரியவில்லை,
அவள் முகம் தெரிந்தது.
இழை அறுந்தால்
எங்கோ பார்த்துக்கொண்டே முடி போடுகிற விரல் இது.
பத்து, ஓர் இடைவெளி, பத்து.
கோத்து முடித்தபோது
ஐம்பத்து மூன்றில் ஒன்று கிடைக்கவேயில்லை.
மூன்றாம் பத்தில், அதன் இடத்தில்,
என் முடிச்சு.

பிரசங்கம் எனக்கு உதட்டசைவு.
பாட்டு, திறந்து மூடும் வாய்கள்.
மணிக்குக் காது வேண்டியதில்லை.
இருட்டில் பிடித்தாலும்
அடுத்தது எங்கே என்று முந்தியது சொல்லும்.

வியாழக்கிழமை ஒளியின் மறைபொருள்,
முதலாவது, யோர்தானில் அவர் முங்கி எழுந்தது.
நமக்கு வாய்த்தது நொய்யலுங்க சாமி,
அன்னிக்கு என்ன சாயமோ அந்த நிறத்துல எந்திரிக்கலாம் என்றேன்.
சாமியார் சிரித்தார்.
ஒன்பது நாளைக்கொருக்கா குழாயில் வருகிற
பில்லூர்த் தண்ணியே போதுமாம்.

ஒப்பந்தம் இது:
தோளில் ஒரு தட்டு என்றால் "விட்டுவிடுகிறேன்."
இரண்டு தட்டு என்றால் "நம்புகிறேன்."

ஒன்று. விட்டுவிடுகிறேன்.
ஒன்று. விட்டுவிடுகிறேன்.
ஒன்று. விட்டுவிடுகிறேன்.
பிறகும் ஒன்று. காத்திருந்தேன். ஒன்றுதான்.
விட்டுவிடுகிறேன் என்றேன்,
தறிக்கு மேலே பேசிப் பழகிய குரலில்.

கோயில் முழுக்க வாய்கள் திறந்தன.
செசிலி முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.
திரும்பிப் பார்த்தால் இஞ்ஞாசி அழுகிறான்,
முதல் தட்டோடு கை அங்கேயே நின்றுவிட்டது.
விண்ணையும் மண்ணையும் படைத்தவரை
நம்புகிறாயா என்று கேட்டார்களாம்.

சாமியார் இறங்கி வந்தார்.
ஒரு மெழுகுதிரியைத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து
மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி,
இன்னொரு தரம் கேட்டார்.
வெளிச்சத்தில் வார்த்தையைப் பார்த்தேன்.
சட்டைப் பைக்குள் கட்டைவிரல் முடிச்சின் மேல் இருந்தது.
நம்பறனுங்க சாமி.
புத்தகத்தில் அப்படி இல்லை. ஏற்றுக்கொண்டார்.

மூன்று முறை தண்ணீர்.
பிடரியில் வழிந்து காதுக்குள் இறங்கியது.
நாடா நின்றது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.
நிற்கவில்லை.
சூசை என்று பேர் வைத்தார்கள்.
சென்னியப்பா என்றாலும் கேட்காது, சூசை என்றாலும் கேட்காது,
தோளில் தட்டினால் திரும்புவேன்.

செவ்வாய் ராத்திரி ஷிப்டில் டியூப்லைட் அணைந்தது.
பீடிக்கு எல்லாரும் வெளியே போனார்கள்.
நான் தறிக்கட்டையில் சாய்ந்து
பைக்குள் கையை விட்டேன்.
கரண்ட் வந்தபோது
முடிச்சு வரை வந்திருந்தேன்.