கொட்டாவி

பத்தொன்பது வருஷம் அந்த மலையைத் தாண்டி ஓட்டியிருக்கிறேன்,
காலையில் இடக்கை ஜன்னல், மாலையில் வலக்கை.
உச்சிக்குச் சற்றுக் கீழே கரிய வாய்.
பூதம் கொட்டாவி விடுது என்பார்கள் பின்சீட்டுப் பிள்ளைகள்.
பார்த்தால் தொற்றிக்கொள்ளும்:
ஆல்டப்பே பண்ணை வாசல் வருவதற்குள்
பஸ் முழுக்கக் கொட்டாவி,
எனக்கும்.

நேற்று லீவு போட்டேன்.
படிவத்தில் காரணம்: சொந்த வேலை.
டெப்போ மெக்கானிக் டார்லாவும் வந்தாள்
நகக்கண்ணில் கிரீஸோடு.
ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்,
தூக்கும்போது அதிகம், குடிக்கும்போது கொஞ்சம்.

நெவாடாவின் அக்டோபர் வெயில்
சண்டை முடிந்தும் பேசாத ஆள்.
சேஜ் புதர் முழங்காலை உரச உரச மருந்துக்கடை வாசம்.
பாதை இல்லை, ஆடு போன தடம் உண்டு.
ஆட்டுக்கு எங்கள் முட்டிவலி தெரியாது.
சரளை இரண்டடி ஏற்றி ஒன்றரை அடி இறக்கியது.
டார்லா அதன் அம்மாவைத் திட்டினாள்.

குகை
ஆறு எட்டு.
ஏழாவது எட்டு நெற்றியில் இடித்தது.
கீழேயிருந்து பார்த்த அத்தனை இருட்டும் எங்கே போச்சு என்று
டார்ச் அடித்துத் தேடினோம்.
எலி சேர்த்த சுள்ளிக் குவியல்,
பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் உறைந்து பளபளத்தது.
"எத்தனை தலைமுறை மூத்திரம்" என்றாள் டார்லா
மரியாதையாக.
அதில் ஒரு சோடா மூடியும் இருந்தது.

இன்னும் இருபது நிமிஷம் ஏறினால் முகடு.
தண்ணீரை மறந்துபோன வெள்ளை ஏரி,
அதற்கப்பால் மலை,
அதற்கப்பால் மலையின் நீலம்,
அதற்கப்பால் நீலம் மட்டும்.
டார்லா சாண்ட்விச்சைப் பிரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றாள்.
நான் சாலையைப் பார்த்தேன்.

இறங்கும் வழியில் குகைவாசலில் உட்கார்ந்தோம்.
மூன்று நாற்பத்தொன்பது. நாலு நிமிஷம் லேட்.
கடுகளவு மஞ்சள், பின்னால் மைல் நீளப் புழுதி.
பதிலி டிரைவர் பள்ளத்தில் வேகம் குறைக்கவில்லை,
புழுதியே காட்டிக்கொடுத்தது.
ஆல்டப்பே வாசலில் நின்றது.
ஒன்று, இரண்டு
இறங்கின.
மூன்றாவது எங்கே?
டார்லா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை.
பிறகு அதுவும் இறங்கியது,
பை கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து.

தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.
வெள்ளைத் தொப்பி.
"தெரியாது வெர்லீன், மூணு மைல்."
அது எனக்கும் தெரியும்.
கை வலிக்கிறவரை ஆட்டினேன்.

இன்று காலை ஆறு ஐம்பது.
ஜூலன் ஆல்டப்பே முதல் படியில் நின்றே ஆரம்பித்தான்:
"நேத்து நீங்க வரல.
கொட்டாவிக்கு ஒரு பல் மொளைச்சிருந்துச்சு. வெள்ளையா.
ஆடிச்சு."
எப்படி என்றேன்.
தன் முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினான்,
இப்படி.

மலையைத் திரும்பிப் பார்த்தேன்.
"இன்னைக்குக் காணோமே."
"விழுந்திருக்கும்" என்றான்,
அனுபவஸ்தன்.

கதவைச் சாத்தினேன்.
தொப்பி சீட்டுக்கு அடியில் இருந்தது.